அரசன் வீழ்ந்ததற்கு ஐந்து காரணங்கள்

கொஞ்சம் நகந்து உக்காருங்க அண்ணாச்சி. ஜன்னலோரம் இல்லேன்னா எனக்கு ஆகாது. இந்தப் பை மடியிலயே இருக்கட்டும், மேல போட மாட்டேன். உள்ள பரீட்சைப் பேப்பரு இருக்கு. நான் மதுரைக்கு, மக வீட்டுக்குப் போறேன். நீங்க எங்க, புளியங்குடியா? எலுமிச்சங்கா கமிஷன் கடையா? பரவால்ல. எல்லாரும் படிச்சிட்டா எலுமிச்சங்காயை யாரு விக்க? தப்பா எடுத்துக்கிடாதீங்க, நான் மனசுல பட்டதைச் சொல்லிருவேன்.

நான் காலேஜ் புரொபசர். பேரு குற்றாலிங்கம். இங்கிலீஷ் டிபார்ட்மெண்டுக்கு ஹெட். ஹெட்டுன்னா அந்தப் பாடம் நடத்துத வாத்தியாருவ அத்தன பேருக்கும் மேல. தனி ரூமு, தனி பேன், வாசல்ல பேரு எழுதின பலகை. ஜூன் மாசத்துலேருந்து நான்தான். நீங்க "அப்படியா"ங்கீங்க. உங்களுக்கு அது அப்படியாதான். அதுக்கு நான் பட்ட பாடு எனக்குல்லா தெரியும்.

இருபத்தேழு வருஷமா நான் நடத்துறது என்னன்னு நெனைக்கீங்க? சோக நாடகம். ராஜா, பதவி, ஆசை, கொலை. இங்கிலீஷ்ல ஒரு நாடகம் இருக்கு, பேரு எதுக்கு, சொன்னா உங்களுக்குத் தெரியவா போகுது. கதையை மட்டும் சொல்லுதேன். ஒரு ராஜா. நல்லாத்தான் இருக்கான், தின்ன சோறு செமிக்கி, படுத்தா தூக்கம் வருது. அவனுக்கு ஒரு தம்பி. தம்பி பாவம், நாலு நாய்க்குட்டியை வளத்துக்கிட்டு ஒரு ஓரமாக் கெடக்கான். ராஜாவுக்கு ஒரு நாள் சந்தேகம் வந்துருது, இவன் நம்ம சிம்மாசனத்தைக் கேட்டுருவானோன்னு. அவன் கேக்கல அண்ணாச்சி. கேக்கவே இல்ல. கேக்காத பயலைப் பிடிச்சுக் கண்ணைக் குத்திக் காட்டுல விட்டுருதான். அதுக்கப்புறம் என்ன, எதிரி வாரான், கூட நிக்க ஒரு ஆளு கெடையாது, அஞ்சாவது அங்கத்துல செத்துப் போறான். இம்புட்டுதான் நாடகம். இதுக்கு நூத்தி நாப்பது பக்கம்.

எனக்கு அந்த ராஜாவைக் கண்டாலே எளக்காரம். வடிகட்டின முட்டாப்பய. உக்காந்த எடத்துல ஒழுங்கா உக்காரத் தெரியாதவனுக்கு எதுக்கு சிம்மாசனம்? சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்தான். இந்தக் கோட்டிக்காரனுக்காகக் கண்ணீர் வடிக்கணும்னு சில பேரு பாடம் நடத்துதான். அந்த வெவரத்துக்கு வாரேன்.

நான் நடத்துறது வேற மாதிரி. பரீட்சையில பத்து மார்க் கேள்வி ஒண்ணு வரும்: அரசன் வீழ்ந்ததற்கான காரணங்களை விளக்குக. வருஷம் மாறும், கேள்வி மாறாது. அதுக்கு நான் அஞ்சு காரணம் எழுதி வச்சிருக்கேன். உங்களுக்காகத் தமிழ்ல சொல்லுதேன். முதலாவதாக, பேராசை. இரண்டாவதாக, சந்தேகம். மூன்றாவதாக, நல்லோர் சொல் கேளாமை. நான்காவதாக, அவசரம். ஐந்தாவதாக, தன்னை அறியாமை. ஒவ்வொண்ணுக்கும் பக்கத் தலைப்பு, ஒவ்வொண்ணுக்கும் ஆறு வரி. நான் பைய சொல்லுவேன், பிள்ளைய எழுதும். முக்கியமான வரி வந்தா "அடிக்கோடு"ம்பேன். உடனே அத்தன ஸ்கேலும் ஒண்ணா பெஞ்சுல விழும். டக்குன்னு ஒரே சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டா எனக்கு வயிறு நெறஞ்ச மாதிரி இருக்கும்.

அஞ்சாவது காரணத்துல ஒரு வரி உண்டு, என் சொந்தச் சரக்கு. "இவ்வரசன் பிறர் குற்றம் அனைத்தும் அறிவான், தன் குற்றம் ஒன்று மட்டும் அறியான்." எப்படி இருக்கு? இங்கிலீஷ்ல இன்னும் எடுப்பா இருக்கும். அதுக்கு ரெட்டை அடிக்கோடு போடச் சொல்லுவேன்.

இப்ப சுடலைமுத்துக்கு வாரேன். எங்க டிபார்ட்மெண்ட்ல என்னைய மாதிரி ஒரு வாத்தியாரு. நானும் அவனும் ஒரே நாள்ல, ஒரே பஸ்ல வந்து வேலைக்குச் சேந்தவங்க. அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல எறங்கினதும் அவனுக்குப் பசி. "ஆபீஸ் பதினோரு மணிக்குத்தான் தொறப்பாங்க வே, நீரு நிதானமா சாப்பிட்டுட்டு வாரும்"னு சொல்லிட்டு நான் நடையைக் கட்டிட்டேன். பத்து மணிக்குக் கையெழுத்துப் போட்டேன். முற்பகல்னு எழுதிட்டாங்க. அவன் தோசை தின்னு, காப்பி குடிச்சு, எவங்கிட்டயோ கதை பேசிட்டு வாரதுக்குள்ள பிரின்சிபால் வெளிய போயிட்டாரு. மூணு மணிக்குத்தான் சேந்தான். பிற்பகல். எங்க காலேஜ்ல அந்த அரை நாளு இருக்கே, அதுதான் சீனியாரிட்டி. அரை நாள் நான் மூப்பு. சாமர்த்தியம்னா அது. அந்த மூதி அன்னைக்குச் சாயங்காலம் என்ன சொன்னான் தெரியுமா? "முந்திட்டீரா வே, நல்ல தோசை, நீரு தின்னாமப் போயிட்டீரே"ன்னான். இவன்லாம் எங்க உருப்பட?

பி.ஏ.ல ரெண்டாம் வருஷம் தொடங்கிக் கடைசி வருஷம் வரைக்கும் இந்தப் பாடம், ரெண்டு செக்ஷன். ஏ செக்ஷனுக்கு நான், பி செக்ஷனுக்கு அவன். ஒரே நாடகம்தான். நான் நாலு வாரத்துல முடிச்சிருவேன். அவன் ரெண்டாவது அங்கத்துலயே தீவாளியைக் கொண்டாந்துருவான். நோட்ஸ் கெடையாது. ஸ்டீல் சேரைத் தூக்கி மேஜை மேல வைப்பான், அதுதான் சிம்மாசனமாம். ஒவ்வொரு பிள்ளையா ஏத்தி உக்கார வைப்பான். "இப்ப நீதான் ராஜா. கீழ உன் தம்பி நிக்கான். அவன் மொகத்தைப் பாரு. என்ன தோணுது?"ன்னு கேப்பான். இது பாடமா, கூத்தா? ஒரு நாள் அந்த வழியாப் போறேன், பேச்சியம்மாள்னு ஒரு பிள்ளை, ஆலங்குளத்துப் பக்கம், சேர் மேல உக்காந்து தேம்பித் தேம்பி அழுது. நான் வெளிய கூப்பிட்டுக் கேட்டேன், "தம்பிக்காரனுக்குக் கண்ணு போனா நீ ஏம்மா அழுத, உனக்கு மாமன் முறையா?"ன்னு. "தம்பிக்காக அழல சார், ராஜாவுக்காகத்தான் அழுதேன். அவருகிட்ட யாராவது பேசியிருக்கலாம்லா சார்"ங்குது. பரீட்சையில இதை எழுதினா அரை மார்க் கெடைக்குமா, நீங்களே சொல்லுங்க.

போன மாசியில பழைய ஹெட்டு ரிட்டயராகப் போறாருன்னு பேச்சு வந்துச்சு. அடுத்தது நான்தான். அரை நாள் மூப்புல்லா. ஆனா எங்க காலேஜ்ல ஒரு வழக்கம் உண்டு, செகரட்டரி நெனச்சா மூப்பை மீறியும் போடலாம். நான் அதைப் பத்திக் கவலப்படல. எதுக்குக் கவலப்படணும்? ஆனா ஒரு நாள் கேன்டீன்ல ஒருத்தன் சொல்லுதான், செகரட்டரி வந்திருந்தாராம், சுடலைமுத்து கிளாஸ் ஜன்னல்கிட்ட அரை மணி நேரம் நின்னு பாத்துட்டுப் போனாராம். சிரிச்ச மொகமா இருந்தாராம்.

அன்னைலேருந்து எனக்குச் சோறு எறங்கல. இருபத்தேழு வருஷம் அண்ணாச்சி! அந்த ரூம் வாசலைத் தாண்டும்போதெல்லாம் பலகையில என் பேரை எழுதிப் பாத்திருக்கேன். பேருக்கு அடியில எம்.ஏ., எம்.பில். போடுறதுக்கு எடம் காணுமான்னு கூட மனசுக்குள்ள அளந்து வச்சிருக்கேன். மேஜை மேல சேரைப் போட்டுக் கூத்துக் கட்டுதவன் அதைக் கொண்டு போயிருவானோன்னு பயம் வந்துட்டு. 

அவன்கிட்ட நேரக் கேக்க வேண்டியதுதானங்கீங்களா? உங்க எலுமிச்சங்கா யாவாரத்துல நேரக் கேப்பீங்க. உத்தியோகத்துல இருக்கவன் எவனும் நேரக் கேக்க மாட்டான். நேரக் கேட்டா நமக்கு ஆசை இருக்குன்னு தெரிஞ்சிரும்லா.

அந்தச் சமயத்துல யாரோ ஒருத்தர் செகரட்டரிக்கு ஒரு மொட்டைக் கடிதாசி போட்டுட்டாங்க. யாருன்னு தெரியாது. சுடலைமுத்து மேல புகார். பேரு இல்லாத கடிதாசின்னா நம்ம ஊர்ல புதுசா என்ன? இவன் மேல யாருக்கோ கோவம், எழுதிட்டாங்க. கையெழுத்துத் தெரியக் கூடாதுன்னு சங்கரன்கோவில் போயி ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல டைப் அடிச்சிருக்காங்க. டைப் அடிச்ச பொம்பளப்பிள்ளைக்கு ஒரு எளவும் தெரியல, "மதியாமை"ங்கிறதை மூணு தடவ தப்பா அடிச்சுது, நான் பக்கத்துல நின்னு...

சரி. நான்தான். பஸ்ல பேசுறதுதான, எறங்கினா நீங்க யாரோ நான் யாரோ.

டைப் அடிச்சதை ராஜபாளையம் கொண்டு போயித் தபால் பெட்டியில போட்டேன். முத்திரையில கூட ஊரு தெரியக் கூடாதுல்லா. அனுப்புநர்ங்கிற எடத்துல "கல்வி நலம் விரும்பி"ன்னு போட்டேன். ஒரு ஓட்டை கெடையாது. கவர் ஒட்டுறதுக்குக் கூட அங்க உள்ள பசையைத்தான் தொட்டேன். அந்த ராஜா ஒரு வேலை செஞ்சா ஊரே பாக்கும்படி செய்வான், கூறுகெட்டவன். நான் அப்படிச் செய்வேனா?

ஒரு வாரம் கழிச்சு செகரட்டரி கூப்பிட்டு அனுப்பினாரு. செகரட்டரின்னா ஆதிநாதன், ரைஸ் மில் வச்சிருக்காரு, எங்க காலேஜ்ல படிச்சவன்தான். என் ஏ செக்ஷன். சோக நாடகப் பேப்பர்ல ரெண்டு தடவ பெயிலானவன். மூணாவது தடவதான் கரை ஏறினான். இப்ப காலேஜையே நடத்துதான், காலம் எப்படி இருக்கு பாருங்க. நான் உள்ள போனதும் எந்திரிச்சு நின்னான். அந்த மரியாதை மட்டும் குறையல.

"உக்காருங்க சார். ஒரு மொட்டைக் கடிதாசி வந்திருக்கு. கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்களேன்"னான்.

"நீயே வாசிப்பா, என் கண்ணாடி வீட்ல இருக்கு"ன்னேன்.

"நீங்க வாசிச்சாத்தான் சார் எனக்கு மண்டையில ஏறும்"னு சொல்லி அவன் கண்ணாடியைக் கழத்தி நீட்டினான்.

வாசிச்சேன். வேற என்ன செய்ய? "மேற்கண்ட ஆசிரியரின் தகுதியின்மைக்கான காரணங்கள் பின்வருமாறு. முதலாவதாக, கடமை தவறுதல். இரண்டாவதாக, கண்டிப்பின்மை. மூன்றாவதாக, பாடத்திட்டத்தை மதியாமை. நான்காவதாக, ஆண் பெண் பேதமின்றி நடிக்க விடுதல்." ஒவ்வொண்ணுக்கும் பக்கத் தலைப்பு, கீழ ஆறு வரி. நல்ல கட்டுக்கோப்பா இருந்துச்சு, நானே சொல்லக் கூடாது. வாசிக்க வாசிக்க எனக்கு வகுப்புக் குரல் வந்துட்டு. ஒவ்வொரு வரி முடிவுலயும் நிறுத்தி நிறுத்தி, பிள்ளைய எழுதட்டும்னு விடுத மாதிரி விடுதேன். நிமிந்து பாத்தா ஆதிநாதன் கையில பேனா. முன்னால கெடந்த ரைஸ் மில் ரசீதுக்குப் பின்னால எழுதிக்கிட்டு இருக்கான்.

"கை தானாப் போகுது சார்"னான். "மூணு வருஷம் மனப்பாடம் பண்ணவன்லா. அஞ்சாவது காரணத்தை நான் சொல்லட்டா? தன்னை அறியாமை. அன்னார் பிறர் குற்றம் அனைத்தும் அறிவார். தன் குற்றம் ஒன்று மட்டும் அறியார். ரெட்டை அடிக்கோடு."

கடிதாசியில அந்த வரிக்கு அடியில ரெட்டைக் கோடு இருந்துச்சு அண்ணாச்சி. அந்த டைப் பிள்ளைக்கு ரெட்டைக் கோடு போடத் தெரியலன்னு, நானே ஸ்கேல் வாங்கிப் போட்டேன். ஊரை மறைச்சேன், கையெழுத்தை மறைச்சேன், பசையைக் கூட மறைச்சேன். இது எனக்குத் தோணவே இல்ல. ஒரு கடிதாசின்னா அப்படித்தான எழுதணும்? வேற எப்படி எழுத? எனக்கு வேற மாதிரி எழுத வராது.

"நான் எழுதலப்பா"ன்னேன். குரல் கொஞ்சம் நடுங்கிட்டு, ரெண்டு நாளா சளி.

"எழுதலன்னே இருக்கட்டும் சார்"னு ஆதிநாதன் இன்னொரு தாளை எடுத்து நீட்டினான். "இது சுடலைமுத்து சார் கடிதாசி. மொட்டைக் கடிதாசிக்குப் பத்து நாளைக்கு முன்னாலயே குடுத்தது. இதையும் வாசிச்சிருங்க."

நோட்டுத் தாளைக் கிழிச்சு எழுதியிருக்கான். மூணே வரி. "துறைத் தலைவர் பொறுப்பு எனக்கு வேண்டாம். குற்றாலிங்கம் இருபத்தேழு வருஷமாக அதற்கு ஆசைப்படுகிறார், அவருக்கே கொடுத்துவிடுங்கள். எனக்கு என் வகுப்பு இருந்தால் போதும்." தலைப்பு இல்ல, காரணம் இல்ல, முடிவுரை இல்ல. ஒரு புரொபசர் எழுதுற கடிதமா அது? பத்துக்கு ரெண்டு கூடப் போட முடியாது. எனக்கு எரிச்சல்னா அப்படி ஒரு எரிச்சல். எனக்கு ஆசை இருக்குன்னு இவனுக்கு யாரு சொன்னா? எனக்குச் சேர வேண்டியதை இவன் யாரு எனக்கு விட்டுக் குடுக்க? நான் கேட்டேனா?

"ரெண்டும் ஒரே பைல்லதான் இருக்கும் சார். ஹெட்டு நீங்கதான். வாழ்த்துகள்"னு சொல்லி ஆதிநாதன் பைலைக் கட்டி வச்சுட்டான். வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினான். பேசாம ரெண்டு அடி அடிச்சிருந்தாக் கூட நல்லாருந்திருக்கும்.

ஜூன்ல ஹெட்டானேன். பலகை வந்துட்டு, எம்.ஏ., எம்.பில். எல்லாம் போட்டு. ஆனா விஷயம் எப்படியோ வெளிய கசிஞ்சிட்டு. ரைஸ் மில்காரன் வாயி. ஸ்டாப் ரூம்ல நான் நுழைஞ்சா எவனாவது ஒருத்தன் "முதலாவதாக"ம்பான், நாலு பேரு இருமுவான். இந்தக் கழுதைகளுக்கெல்லாம் பதில் சொல்லிட்டு இருக்க முடியுமா? சுடலைமுத்து மட்டும் சிரிக்க மாட்டான். என் ரூமுக்கு வந்தான், கையைப் பிடிச்சான், "நல்லா இரும் வே குத்தாலம்"னான். அவன் கண்ணுல ஒரு கேலி இருக்கான்னு தேடித் தேடிப் பாத்தேன். இல்ல. அது இல்லாததுதான் எனக்குப் பொறுக்கல.

ஹெட்டுக்கு முத வேலை டைம் டேபிள் போடுறது. ரெண்டு செக்ஷனுக்கும் சோக நாடகத்தை நானே எடுத்துக்கிட்டேன். சுடலைமுத்துக்குக் காமர்ஸ் மாணவர்களோட பொது இங்கிலீஷ் இலக்கணம். கடிதத்துல என்ன எழுதினான், எனக்கு என் வகுப்பு இருந்தால் போதும்னுதான? எந்த வகுப்புன்னு எழுதலல்லா. காமர்சும் வகுப்புதான். முழிக்காதீங்க அண்ணாச்சி, நிர்வாகம்னா அப்படித்தான். நீங்க மட்டும் நல்ல காயும் வாடின காயும் ஒரே கூடையிலயா போடுவீங்க? அவன் டைம் டேபிளைப் பாத்தான். ரொம்ப நேரம் பாத்தான். இருபத்தேழு வருஷத்துல அவன் மொகம் அப்படிச் சுண்டி நான் பாத்ததில்ல. "பி செக்ஷனை மட்டும் விட்டுருமேன் வே, பாதி நாடகத்துல நிக்குது"ன்னான். முத தடவையா என்கிட்ட ஒண்ணு கேட்டான். "டைம் டேபிள் டைம் டேபிள்தான்"னு சொல்லிட்டேன். சரின்னுட்டுப் போயிட்டான்.

அந்த ராஜாவை விட நான் எவ்வளவோ மேல். ஒருத்தன் மேல ஒரு கீறல் விழாம முடிச்சேன்லா.

பி செக்ஷனுக்குள்ள போனேன். எனக்குத் தெரியும், கத்துவானுவ, சேரைத் தூக்குவானுவ, எங்க சாரைக் கொண்டாங்கன்னு கொடி பிடிப்பானுவன்னு. தயாராத்தான் போனேன். ஒண்ணும் இல்ல. நாப்பத்திரெண்டு பேரும் எந்திரிச்சு நின்னாங்க, உக்காந்தாங்க, நோட்டைத் தொறந்தாங்க. நான் சொல்லச் சொல்ல எழுதினாங்க. "அடிக்கோடு"ன்னேன். டக்குன்னு சத்தம் வந்துச்சு. ஏ செக்ஷனை விட ஒழுங்கா, நாப்பத்திரெண்டும் ஒரே சத்தம். "ஏதாவது சந்தேகம் உண்டா?"ன்னு கேட்டேன். யாரும் வாயைத் தொறக்கல. ஒரு மாசமா இதே கதைதான். அந்தப் பக்கம் காமர்ஸ் பிளாக்குல இலக்கண வகுப்புல என்னமோ சிரிக்கானுவ, கைதட்டுதானுவ. இங்க பேன் சத்தம் மட்டும்தான்.

போன வெள்ளிக்கிழமை டெஸ்ட் வச்சேன். அதே பத்து மார்க் கேள்வி. அந்தப் பேப்பருதான் இந்தப் பையில இருக்கு.

முத பேப்பரைத் திருத்த எடுத்தேன். அஞ்சு காரணம், பக்கத் தலைப்பு, ஆறு ஆறு வரி, ஒரு புள்ளி மாறல. கடைசியில அந்த வரி. "இவ்வரசன் பிறர் குற்றம் அனைத்தும் அறிவான், தன் குற்றம் ஒன்று மட்டும் அறியான்." ரெட்டை அடிக்கோடு. சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ரெண்டாவது பேப்பரு, அதே. மூணாவது, அதே. பத்தாவது பேப்பர்ல பேனாவைக் கீழ வச்சுட்டேன். நான் ராஜாவைப் படிக்கல அண்ணாச்சி, என் மொட்டைக் கடிதாசியைப் படிக்கேன். நாப்பத்திரெண்டு தடவ அதையே எனக்குத் திருப்பி அனுப்பியிருக்காங்க. இவனுவ என்னையத்தான் எழுதியிருக்கானுவளா?

திங்கக்கிழமை அந்தப் பேச்சியம்மாளைக் கூப்பிட்டேன். முந்தி அழுதுச்சே, அந்தப் பிள்ளை. "இந்த வரிக்கு ஏம்மா இப்படிக் கோடு போட்டிருக்கே?"ன்னு கேட்டேன்.

"நீங்கதான் சார் போடச் சொன்னீங்க"ன்னுச்சு.

"அது தெரியும். எழுதும்போது என்ன நெனச்சே?"

"ஒண்ணும் நெனக்கல சார். நீங்க நெனக்கச் சொல்லல."

மொகத்துல ஒண்ணும் இல்ல. கழுவின பலகை மாதிரி இருக்கு. கோவமா, பயமா, கேலியா, ஒண்ணும் புடிபடல. போகட்டான்னு கேட்டுச்சு, போன்னுட்டேன். ராஜாவுக்காக அழுத பிள்ளை, எனக்காக ஒரு சொல்லு சொல்லல.

கேலின்னா நாப்பத்திரெண்டு பேருக்கும் முட்டை போடணும். படிச்சு எழுதினதுன்னா நாப்பத்திரெண்டு பேருக்கும் முழு மார்க் போடணும், ஏன்னா ஒரு எழுத்துத் தப்பில்ல. நாளைக்கு மார்க் லிஸ்ட் குடுக்கணும். வீட்ல இருந்து பாத்தா முடியலன்னுதான் மக வீட்டுக்குக் கெளம்பினேன். பேனாவைத் தொறக்கேன், மூடுதேன், தொறக்கேன், மூடுதேன். யாருகிட்ட கேக்க? சுடலைமுத்துகிட்ட குடுத்தா ஒரு நிமிஷத்துல சொல்லிருவான். இது இன்ன பிள்ளை, இது கேலி, இது பயம்னு பிரிச்சு வச்சிருவான். அவனுக்கு ஒவ்வொரு பிள்ளை மனசும் தெரியும். எனக்கு ஒருத்தன் மொகம் கூட நெனவுல வரல. இருபத்தேழு வருஷமா எழுதுத தலைகளைத்தான் மேல நின்னு பாத்திருக்கேன். எனக்குப் பயமா இருக்கு அண்ணாச்சி. நெசமாவே பயமா இருக்கு.

என்ன, எந்திரிச்சிட்டீங்க? புளியங்குடி வந்துட்டா? இருங்க, ஒரே ஒரு பேப்பரு. இந்தாங்க, பிடிங்க, இது அந்தப் பேச்சியம்மாளோடது. இங்கிலீஷ் தெரியாட்டா என்ன, கோடு தெரியும்லா. இந்தக் கடைசி வரிக்கு அடியில பாருங்க. தாளு கிழியுத மாதிரி அழுத்தி இருக்கா, இல்ல சும்மா போட்ட கோடா? என்னைய நெனச்சுப் போட்டதா, நான் சொன்னதுக்காகப் போட்டதா? நீங்க நாலு ஆளைப் பாத்து யாவாரம் பண்ணுதவரு, உங்களுக்குத் தெரியாதா? ஏய் கண்டக்டரு, விசில் அடிக்காதய்யா, ஒரு நிமிஷம். அண்ணாச்சி பாத்துச் சொல்லிட்டு எறங்கட்டும்.